ஆமாவோடு ஒன்பது நாள் நேபாளம்

நேபாளியில் அம்மாவை ‘ஆமா’ என்பார்கள், அண்ணனை ‘தாய்’ என்பார்கள். இந்த இரண்டும் தெரியாமல் காத்மாண்டுவில் போய் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டு அனுபவமே போதும். டாக்ஸிக்காரர் அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு “ஆமா, ஆமா” என்று வழிகாட்டுகிறார், அம்மாவோ தான் சொன்னதற்கு அவர் ஆமாம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன், இந்தப் பக்கம்தான் வாசல்” என்கிறாள். என் பையன் அந்த டாக்ஸிக்காரரை ‘தாய்’ என்று கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டதும் விமான நிலையத்து வாசலிலேயே சிரித்து உட்கார்ந்துவிட்டான். ஒன்பது நாளும் ஊரே அம்மாவை ஆமா என்றது. கடைசிவரை அவள் எதற்கும் மறுப்பே வராத ஒரு நாட்டில் சுற்றியதாகத்தான் நினைக்கிறாள்.

இந்தப் பயணமே ஒரு பஞ்சாயத்தில் பிறந்தது. அம்மாவுக்கு வயது 67, ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்ய தேசங்களில் எத்தனை பார்த்தாயிற்று என்று கணக்கு வைத்திருப்பவள். 108-ல் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த உடம்போடு போக முடியாதவை, மிச்சம் 106, அதில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று, நேபாளத்தில் இருக்கிற சாளக்கிராமம் என்கிற முக்திநாத். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. “முட்டி இருக்கிறப்பவே போயிடணும்டி” என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பையனுக்கோ கோயில் என்றாலே முகம் சுருங்கும், அவனுக்கு ராஃப்டிங் போக வேண்டும், அதாவது காற்றடித்த படகில் ஆற்று வேகத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்கு ஏதாவது ஒரு ஏரிக்கரையில் யாரும் “அம்மா, சார்ஜர் எங்கே?” என்று கேட்காமல் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். மூன்றையும் ஒரே டிக்கெட்டில் முடிக்க இமயமலையில் நேபாளத்தை விட்டால் வேறு இடம் எனக்குத் தோன்றவில்லை. தீபாவளி முடிந்து நவம்பர் இரண்டாம் வாரம் கிளம்பினோம்.

இந்தியர்களுக்கு விசா கிடையாது, பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும். அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது, வாக்காளர் அட்டையிலேயே போய் வந்தாள். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய், பல வருடமாக அதே கணக்கு, மாறுவதில்லை. கடிகாரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும், காலண்டரோ 57 வருடம் முன்னால் ஓடும் (விக்ரம சம்வத்). ஹோட்டல் பில்லில் தேதியைப் பார்த்து, “பாட்டி, நமக்கு இப்ப வயசு எவ்வளவு ஆயிருக்கும் தெரியுமா?” என்று ஆரம்பித்தவனை அம்மா பார்த்த பார்வையில் அடங்கினான்.

முதல் காலை பசுபதிநாத். பாக்மதி ஆற்றங்கரையில் இரண்டு அடுக்குக் கூரை, மேலே பொன் தகடு, கதவெல்லாம் வெள்ளி. உள்ளே நாலு பக்கமும் முகம் வைத்த லிங்கம், நாலு வாசல், எந்த வாசலில் நின்றாலும் ஒரு முகம் நம்மைப் பார்க்கும். அகோரம், வாமதேவம் என்று பெயர் சொல்லிக்கொண்டே அம்மா சுற்றினாள், ஐந்தாவதான ஈசானம் மேலே, உருவமில்லாமல். இங்கே பூஜை செய்கிற பட்டர்கள் பரம்பரை வழக்கப்படி தென்னிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். ருத்ரம் காதில் விழுந்த ஸ்வரம் அப்படியே நம்மூர். “இவ்வளவு தூரம் வந்து பக்கத்துத் தெரு மாதிரி இருக்கே” என்றாள். ஆனால் வெளியே வந்து ஆற்றுப் பக்கம் திரும்பினால் ஆர்ய காட் என்கிற படித்துறையில் சிதை எரிந்துகொண்டிருக்கிறது, கோயில் சுவருக்கும் அதற்கும் நடுவில் சில படிகள்தான். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் கூட்டிப் போயிருக்கக் கூடாதோ என்று யோசித்தேன். அப்புறம் அவனே, “புகை இந்தப் பக்கம் வருது, பாட்டியை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு” என்றான்.

சாயங்காலம் புத்தநீலகண்டா. பேரைக் கேட்டு சிவன் கோயில் என்று நினைத்துவிடாதீர்கள், புத்தரும் இல்லை. ‘கிழ நீலகண்டன்’ என்று அர்த்தம் வருகிற பெயரை வைத்துக்கொண்டு அங்கே படுத்திருப்பது பெருமாள். ஒரே கருங்கல்லில் சுமார் 5 மீட்டர் நீளம், ஆதிசேஷன் மேல், ஒரு குளத்துக்கு நடுவில், மேலே கூரையே இல்லாமல் வானத்தைப் பார்த்து. ஏழாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். மன்னராட்சி இருந்தவரை நேபாள மன்னர்கள் இந்த இடத்துக்கு மட்டும் வரமாட்டார்களாம், வந்தால் உயிருக்கு ஆபத்து என்று ஒரு நம்பிக்கை. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்குச் சயனக் கோலம் என்றால் இருட்டு, விளக்கு, எட்டிப் பார்க்கிற கழுத்து வலி. இங்கே பட்டப்பகலில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்க்கலாம். “மழை பெஞ்சா நனைவாரே” என்று மட்டும் கவலைப்பட்டாள்.

மூன்றாம் நாள்தான் பையனின் நாள். காத்மாண்டுவிலிருந்து பிருத்வி நெடுஞ்சாலை வழியாகப் போகரா மொத்தம் 200 கிலோமீட்டர், நம்மூர்க் கணக்கில் நாலு மணி நேரம் என்று தப்பாக நினைக்க வைக்கிற தூரம். மலையை விட்டு இறங்கியதும் திரிசூலி ஆறு சாலையோடு சேர்ந்துகொள்ளும், அப்புறம் முக்லிங் வரை கூடவே வரும். அதனால்தான் ராஃப்டிங்குக்கு இந்த ஆறு வசதி: ஏறுகிற இடம் சரௌதி, இறங்குகிற இடம் குரிந்தார் பக்கம், இரண்டும் ரோட்டு ஓரம். ஆலகாலம் குடித்த சிவன் தொண்டை எரிச்சல் தாங்காமல், இப்போது கோசாய்குண்டம் ஏரி இருக்கிற இடத்தில் திரிசூலத்தைக் குத்த மூன்று ஊற்று கிளம்பியது, அதுதான் இந்த ஆறு என்பது அந்தப் பக்கத்துக் கதை. அந்தக் குண்டம் 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீரைத் தொட்டால் உயரம் கையில் தெரியும். மழைக்காலத்தில் பழுப்பாகப் பொங்கி வருமாம், அப்போது சாலையிலும் மண் சரியும், ஜூலை ஆகஸ்டில் இந்தப் பக்கம் திட்டம் போடவே போடாதீர்கள். நாங்கள் போனபோது பச்சை கலந்த நீலம், ஆழமில்லாத இடத்தில் கூழாங்கல் தெரிந்தது.

ஆற்றங்கரையில் மணலில் வைத்து கால் மணி நேரப் பாடம். கைடு 25 வயதுப் பையன், இந்தி கலந்த இங்கிலீஷ். துடுப்பின் மேல்நுனியில் குறுக்கே ஒரு பிடி இருக்கும், அதை ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது, ஆற்றில் விழுந்து அதிகம் பேருக்கு அடிபடுவதில்லையாம், பக்கத்து ஆள் துடுப்பு பல்லில் இடித்துத்தான் அடிபடுகிறதாம். படகுக்குள் உட்காரக் கூடாது, காற்றடித்த விளிம்பின் மேல் உட்கார்ந்து, குறுக்கே போகிற உருளைக்கு அடியில் காலைச் செருகிக்கொள்ள வேண்டும், அந்தக் கால்தான் நம்மைப் பிடித்து வைக்கிறது. தவறி விழுந்தால் நீந்தப் பார்க்காதே, மல்லாந்து படு, பாதம் முன்னால் இருக்கட்டும், பாறை வந்தால் பாதம் வாங்கிக்கொள்ளும், எழுந்து நிற்க மட்டும் முயற்சி செய்யாதே, பாறைக்கு நடுவே கால் சிக்கினால் தண்ணீர் தள்ளிக் கவிழ்த்துவிடும். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் பட்டையை ஒவ்வொருவருக்கும் அவனே இழுத்துக் கட்டினான், மூச்சு விட முடியவில்லை என்றேன், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றான்.

அம்மா வரவில்லை. அவளும் டிரைவரும் காரில் ரோட்டோடு வருவது, நாங்கள் ஆற்றோடு போவது என்று ஏற்பாடு. முதல் அரை மணி நேரம் ஆறு சாதுவாகப் போனது, “ஃபார்வர்டு” என்றால் ஆறு துடுப்பு ஆறு திசையில் இடித்துக்கொண்டன, நான் கரையில் வெங்காயம் காயப்போட்டிருந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒரு சத்தம். பக்கத்தில் ரயில் வருகிற மாதிரி, ஆனால் கண்ணுக்கு எதுவுமே தெரியாது, ஆறு அங்கே ஒரு கோடு போட்டது மாதிரி முடிந்துவிடும், கோட்டுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ தெறிக்கும். இந்தச் சரிவுகளுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள், ‘லேடீஸ் டிலைட்’ என்று ஒன்று, ‘அப்செட்’ என்று ஒன்று. கைடு பின்னாலிருந்து கத்துகிறான், படகின் மூக்கு கீழே போகிறது, முன்னால் உட்கார்ந்திருந்த என் பையன் ஒரு நொடி முழுசாகக் காணாமல் போய், தண்ணீர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்தபடி மறுபடி வந்தான். அந்த ஒரு நொடியில் நான் வேண்டிக்கொண்டது எந்தச் சாமியை என்று எனக்கே தெரியாது. ஜில்லென்றது என்று எழுதினால் பொய், அது ஜில் இல்லை, அறை விழுந்த மாதிரி ஒரு சூடு, பத்து விநாடி கழித்துத்தான் குளிர் தெரியும்.

குரிந்தாருக்குக் கொஞ்சம் முன்னால் மணல் திட்டில் படகை ஒதுக்கினார்கள், அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள், புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காதில் மஃப்ளர். இனி சரிவு எதுவும் இல்லை, தண்ணீர் ஏரி மாதிரி, “ஆமா, வாங்க” என்றான் கைடு. எனக்குத் துளியும் விருப்பமில்லை, தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அம்மா என்னைப் பார்க்காமல் ஸ்வெட்டரைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்தாள். ஜாக்கெட் மாட்டி, தலையில் ஹெல்மெட் வைத்து, படகின் நடுவில் தரையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நாங்கள். ஒரு இருபது நிமிஷம் இருக்கும். யாரும் துடுப்புப் போடவில்லை, ஆறே எடுத்துக்கொண்டு போனது. மேலே தொங்குபாலத்தில் ஸ்கூல் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள், எங்களைப் பார்த்துக் கத்தினார்கள், அம்மா ஹெல்மெட்டோடு கையாட்டினாள். அப்புறம் விளிம்பில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, “நீலகண்டன் தீர்த்தம்” என்றாள். தயாராக ஒரு காலி பாட்டிலும் வைத்திருந்தாள், இடுப்பில் செருகி. அதை எப்போது எடுத்து வந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

அன்று ராத்திரி டிரைவர் மேஜையில் ஸ்பூனை வைத்து எங்களுக்கு ஆற்றுக் கணக்கு சொல்லிக் கொடுத்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. முக்லிங்கில் மர்ஸ்யாங்டி வந்து திரிசூலியில் விழுகிறது. போகராவிலிருந்து வருகிற சேத்தியும் கீழே வந்து இதில் சேர்கிறது. முக்திநாத் பக்கத்திலிருந்து, பெருமாளாகக் கும்பிடுகிற சாளக்கிராமக் கல்லைச் சுமந்து வருகிற காளி கண்டகி தேவ்காட் என்ற இடத்தில் சேர்கிறது. அப்புறம் நாராயணி என்று பெயர் மாறி, பீகாருக்குள் கண்டக் என்று ஓடி, பாட்னாவுக்கு எதிரே கங்கையில் கலக்கிறது. ஆக, நாங்கள் போகிற இடத்துத் தண்ணீரெல்லாம் எங்களுக்கு முன்னாலேயே பேசி வைத்து ஒரே இடத்துக்குத்தான் போகிறது. “சிவன் தண்ணியும் பெருமாள் தண்ணியும் கடைசில ஒண்ணுதானா” என்றாள் அம்மா. டிரைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் தலையாட்டி “ஆமா” என்றார்.

மறுநாள் குரிந்தாரிலிருந்து கேபிள் காரில் மனகாமனா. 1998-லிருந்து ஓடுகிறது, பத்து நிமிஷத்தில் மேலே போய்விடலாம், முன்பெல்லாம் மூன்று மணி நேர ஏற்றமாம். பகவதி கோயில், நினைத்ததை நடத்தித் தருவாள் என்று கூட்டம், பூஜை செய்கிறவர்கள் மகர் இனத்துக்காரர்கள். 2015 நிலநடுக்கத்தில் பழுதாகித் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். டிக்கெட் கவுண்டரில் ஆட்டுக்கு ஒரு வழி டிக்கெட் மட்டும் கொடுப்பார்கள். இதைப் பலகையில் படித்துவிட்டுப் பையன் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஆட்டைப் பார்த்தான், ஆடு அவன் ஜெர்கினை மோந்து பார்த்தது. மேலே அதிக நேரம் நிற்கவில்லை.

முக்லிங் தாண்டினால் சாலையை அகலப்படுத்துகிறோம் என்று உடைத்துப் போட்டிருந்தார்கள். தூசி, அவ்வளவுதான், அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

போகராவில் பேவா ஏரி. இதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், லேக்சைடில் கடைகளும் அதிகம், ராத்திரி பாட்டுச் சத்தமும் அதிகம். ஆனால் காலை ஆறரைக்கு வெளியே வந்து பாருங்கள், மலை நேராகத் தலைக்கு மேல் நிற்கும். ஊர் இருப்பது 800 மீட்டர் சொச்சத்தில், எதிரே மச்சாபுச்ரே 6,993 மீட்டர், நடுவில் மறைக்க எதுவும் இல்லை. பெயருக்கு ‘மீன்வால்’ என்று அர்த்தம். 1957-ல் ஒரு பிரிட்டிஷ் குழு உச்சிக்குக் கிட்டத்தட்ட 50 மீட்டர் கீழே வரை போய்த் திரும்பிவிட்டது, அப்புறம் அரசாங்கம் யாருக்கும் அனுமதி கொடுப்பதில்லை, சிவன் குடியிருக்கிற மலை என்று. சுற்றியிருக்கிற பெரிய மலைகளின் மேலெல்லாம் மனிதன் கொடி நட்டுவிட்டான், இதை விட்டுவைத்ததே அழகு என்று எனக்குத் தோன்றியது.

ஏரிக்கு நடுவில் ஒரு சின்னத் தீவு, அதில் பராஹி கோயில், நம் வாராஹிதான். டுங்கா என்கிற கலர் கலரான மரப்படகில் போக வேண்டும். முன்னொரு காலத்தில் இங்கே ஒரு ஊர் இருந்ததாம், தேவி பிச்சைக்காரியாக வந்து வீடு வீடாகக் கேட்க, ஒரு வீட்டில் மட்டும்தான் சோறு போட்டார்களாம், ஊர் முழுக்க முழுகி அந்த வீடு நின்ற மேடு மட்டும் தீவாக நின்றதாம். படகுக்காரர் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்ததும் அம்மா வாங்கி மாட்டிக்கொண்டு, பட்டையை இழுத்துப் பார்த்து, “இது லூசா இருக்கு, வேற கொடு” என்றாள். திரிசூலி படுத்துகிற பாடு.

எனக்கு வேண்டிய ஏரி பேவா இல்லை, பேக்னாஸ். ஊருக்குக் கிழக்கே போக வேண்டும், பக்கத்திலேயே ரூபா என்று இன்னொரு ஏரி, நடுவில் ஒரு குன்று, அதன் மேல் நின்றால் இரண்டும் தெரியும். அம்மாவும் பையனும் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு நான் மட்டும் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை. ஒரு அம்மாள் எருமைக்குப் புல் அறுத்து முதுகுக் கூடையில் போட்டு நெற்றிப் பட்டையில் தாங்கிக்கொண்டு ஏறிப் போனாள், போகிற போக்கில் “சியா?” என்றாள், டீ வேண்டுமா என்று. வேண்டும் என்றேன்.

ஆறாம் நாள் சொதப்பல். முக்திநாத் போக, போகராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், இருபது நிமிஷம், அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவில் பறக்கும். ஜோம்சோமில் பத்து பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பேய் மாதிரி அடிக்கும், அதனால் காலையில் மட்டும்தான் சேவை. டிராவல்ஸ் ஆள் “நவம்பர்ல கேன்சலே ஆகாது மேடம்” என்று சத்தியம் செய்திருந்தார். ஐந்தரைக்கு விமான நிலையத்தில் இருந்தோம். ஆறு, ஏழு, ஒன்பது. மேலே மேகம் என்றார்கள், பத்தேகாலுக்கு ரத்து என்றார்கள். டிராவல்ஸ் ஆளின் போன் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. நீங்கள் போவதாக இருந்தால், இந்த விமானத்தை நம்பி ஒரு நாள்கூட உபரியில்லாமல் திட்டம் போடாதீர்கள், வயதானவர்களோடு போனால் இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஜீப் பிடித்தோம்.

பேனி வரை தார்ச் சாலை, அப்புறம் தார் வரும் போகும். ஒரு பக்கம் காளி கண்டகி, கறுப்புத் தண்ணீர், பெயருக்கு ஏற்ற மாதிரி. உலகிலேயே மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்று என்பார்கள், இரண்டு பக்கமும் எட்டாயிரம் மீட்டர் மலை. தலையைத் தூக்கிப் பார்த்தால் சுவர் தெரிகிறது, உச்சி தெரியவில்லை. அம்மா விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு நாமம் அறுந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டின பிறகு காசாவில் சாப்பிட நிறுத்தினார்கள். தகாலி இனத்தார் வீடு, அடுப்படியிலேயே மேஜை. சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய். பெரியம்மா வயதில் ஒருத்தி இரும்புக் கரண்டியில் நெய் காய்ச்சி, காய்ந்த புல் மாதிரி எதையோ ஒரு சிட்டிகை போட்டு, அது கருகுகிற நொடியில் பருப்பில் கொட்டினாள். அந்த வாசனை. அம்மா வெளியூரில் ஒரு கரண்டி சோறுக்குமேல் சாப்பிடாதவள், மூன்று தடவை பருப்பு வாங்கினாள். “பெருங்காயம் இல்லை, வேற என்னமோ, கேளுடி” என்றாள். ஜிம்பு என்றார்கள், முஸ்தாங் மலையில் விளைகிறதாம். உடனே ஒரு பொட்டலம் வாங்கச் சொன்னாள், வாங்கினேன். ஜோம்சோம் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது.

காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே வெள்ளையாக ஒரு மலை, பெயர் கேட்டேன், நீலகிரி என்றார்கள். கோயம்புத்தூர்க்காரியிடம் போய்! இது 7,061 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637, அதாவது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த இடமே தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் உயரம்.

வழியில் காக்பேனி. கண்டகியும் இன்னொரு சின்ன ஆறும் சேர்கிற இடம், பித்ரு காரியத்துக்குப் பெயர் போனது. அப்பா போய் ஆறு வருடம், எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பண்டிதர் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து கோத்திரம் கேட்டார், அவன் பாட்டியைப் பார்த்தான், பாட்டி சொன்னாள், அவன் திருப்பிச் சொன்னான். ஹுடியின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுக்கொண்டு பிண்டம் பிடித்தான், விரல் நீலம் பாய்ந்திருந்தது, ஒரு தடவைகூடக் குளிர்கிறது என்று சொல்லவில்லை.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதிச் சீட்டு சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், போகராவிலேயே வாங்கிவிடுங்கள். ராணிபௌவா வரை ஜீப் போகும், 3,700 மீட்டர். அங்கிருந்து நடையோ குதிரையோ. அம்மாவுக்குக் குதிரை. மருத்துவரிடம் முன்பே கேட்டுத்தான் போனோம், ஆனாலும் ஒரே நாளில் போகராவிலிருந்து நேரே மேலே போய்த் தங்குவது நல்லதில்லை, ஜோம்சோமில் தூங்கினதால்தான் தலைவலியோடு தப்பித்தோம், எனக்குத்தான் தலைவலி, அவளுக்கு ஒன்றும் இல்லை.

கோயில் சின்னது. காஞ்சி, ஸ்ரீரங்கம் மாதிரி நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். மூன்றடுக்குக் கூரை, உள்ளே பித்தளையில் பெருமாள், இரண்டு பக்கமும் ஸ்ரீதேவி பூதேவி, தீர்த்தம் கொடுத்தது மொட்டைத் தலை, சிவப்பு அங்கி போட்ட பௌத்தப் பிக்குணி. திபெத்தியர்கள் இந்த இடத்தை சுமிக் க்யாட்சா என்கிறார்கள், நூறு நீர் என்று அர்த்தம், பத்மசம்பவரோடு சேர்த்துக் கும்பிடுகிறார்கள். அம்மா ஆசாரம் பார்க்கிறவள், என்ன செய்வாளோ என்று பார்த்தேன், இரண்டு கையையும் குழித்து நீட்டினாள்.

கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் வரிசையாக 108 காளைத் தலைகள், ஒவ்வொரு வாயிலிருந்தும் கட்டைவிரல் தடிமனில் தண்ணீர். சில இடங்களில் சுவரில் வழிந்தது பனிக்கட்டியாகக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. பையன் டி-ஷர்ட்டோடு ஒரு முனையில் நுழைந்து மறுமுனைக்கு ஓடினான், முதல் இருபது கத்தினான், அப்புறம் சத்தம் வரவில்லை. அம்மாவைக் குளிக்க விடவில்லை, சண்டை போட்டோம், ஒரு சமாதானத்துக்கு வந்தோம்: ஒவ்வொரு வாயிலும் கையை நீட்டி ஒரு சொட்டு தலையில். 108 சொட்டுக்கு முக்கால் மணி நேரம். நடுவில் விரல் மரத்துப்போய் என் கையால் அவள் கையைத் தேய்த்துவிட்டேன், “எத்தனை ஆச்சு?” என்றாள், விட்டுவிட்டேன் என்றேன், “பரவாயில்லை, சுவர் முடிஞ்சா கணக்கு முடிஞ்சுது” என்றாள். கடைசித் தலையில் அந்த பாட்டிலை வெளியே எடுத்தாள். பாதி திரிசூலி ஏற்கெனவே இருந்தது, மீதியை நிரப்பினாள். தேவ்காட்டுக்கு நாங்கள் போகவில்லை, அந்த பாட்டிலுக்குள்ளேயே சங்கமம் நடந்துவிட்டது.

கொஞ்சம் தள்ளி ஜ்வாலா மாயி, அதுவும் பிக்குணிகள் பார்த்துக்கொள்கிற இடம். குனிந்து ஒரு பொந்துக்குள் எட்டிப் பார்த்தால் நீலமாக ஒரு சின்னச் சுடர், பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிற சத்தம். மண்ணுக்குள்ளிருந்து வருகிற இயற்கை வாயு. இறங்குகிற வழியெல்லாம் சாளக்கிராமம் விற்கிறார்கள். உடைத்தால் உள்ளே சக்கரம், அது 10 கோடி வருடத்துக்கும் முன்னால் இங்கே இருந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்கிற கடல் பிராணியின் ஓடு என்று பையன் பாட்டிக்கு விளக்கினான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ அவர் பாற்கடல்லேர்ந்துதான் வந்திருக்கார்னு நீயும் ஒத்துக்கறே” என்றாள். அவனிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை ஜோம்சோம் விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. எங்களை ஏற்றிவந்த ஜீப்பின் பத்து மணி நேரம் கீழே ஒரு கோடாக இருபது நிமிஷத்தில் முடிந்தது.

பாட்டில் இப்போது பூஜை அலமாரியில். ஜிம்பு அடுக்களையில், அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் தனி டப்பாவில். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பருப்பில்கூட அதைத்தான் தாளிக்கிறாள், வருகிறவர்களிடம் “முக்திநாத் பிரசாதம்” என்கிறாள். ஊருக்கு வந்த பிறகுதான் நான் தேடிப் படித்தேன், ஜிம்பு வெங்காயக் குடும்பமாம். வெங்காயமும் பூண்டும் வீட்டு வாசல்படி ஏறினால் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்க்கிறவள் அவள். அவள் இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பையனுக்குத் தெரியும், அவன் வாயை மூடி வைக்க ஒரு பிரியாணி செலவாகியிருக்கிறது, பொட்டலத்தில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது.